களப்பணிக்கு வரும் பிள்ளைகளுக்கு



கல்லூரி திறந்த சில வாரங்களில் பெசன்ட் நகர் பஸ் நிலையத்தில் தோள்பையும் குறிப்பேடுமாகச் சில இளைஞர்கள் இறங்குவார்கள். சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள். ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கோ ஓடைக்குப்பத்துக்கோ களப்பணிக்குப் போகிறவர்கள். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாயப்பணி என்று வகுப்பில் தனித்தனிப் பாடமாகப் படித்ததைக் குப்பத்தில் எங்கே பொருத்துவது என்று விழிப்பார்கள்.

அவர்களிடம் பெசன்ட் அவென்யூவில் உள்ள அவ்வை இல்லத்தின் கதையைச் சொல்லத் தோன்றும். தேர்வில் வராது, ஆனாலும் கேட்கலாம்.

1930-களின் தொடக்கத்தில், தேவதாசி குலத்துச் சிறுமிகள் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அன்றிரவு தேவைப்பட்டது சோறும் பாயும். பிறகு மற்ற பெண்களோடு கூடி வாழ ஓர் இல்லம், படிக்கப் பள்ளி. அப்படி உருவானதுதான் அவ்வை இல்லம். இவர்களைப் போன்றவர்கள் ஏன் வாசலுக்கு வர நேர்கிறது என்ற கேள்விக்கான வேலையை அதற்கு முன்பே சட்டசபையில் தொடங்கியிருந்தார். கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற பிணைப்பை 1929-இல் அவர் கொண்டுவந்த சட்டம் அறுத்தது. நிலம் பெண்களுக்கே சொந்தமானது. மூன்று பாடமும் ஒரே ஆளின் கையில்! மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது 1952-இல்தான்.

இந்தக் கதையில் சங்கடமான பக்கமும் உண்டு. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் பலர் எதிர்த்தார்கள். எங்கள் கலையும் பிழைப்பும் என்ன ஆவது என்பது அவர்கள் கவலை. அதே குலத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஒழித்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1947-இல் அந்த வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டம்தான் என்பதே என் எண்ணம். ஆனால் எதிர்த்த பெண்களின் பிழைப்புக் கவலையைப் போதிய அளவு காதில் வாங்கினோமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957-இல் தனிநபர் பணிக்கு ஏழு கொள்கைகளை வகுத்தார். உதவி பெறுபவரே தம் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தேர்வுத்தாளில் அதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஒரே சமூகத்துப் பெண்கள் இரண்டு விதமாகத் தீர்மானித்தால் யார் பக்கம் நிற்பது? கடற்கரைக் குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலே இந்தக் கேள்வி வரும். குடிக்கிற அப்பாவை மருத்துவமனையில் சேர்க்கலாம் என்பாள் மகள். வேண்டாம் என்பார் அம்மா.

களத்தில் இப்படி மாட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். துறைத்தலைவருக்குக் காட்டாத பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆட்களின் பெயரும் தெருவும் மட்டும் வேண்டாம். ரகசியம் காப்பதும் பீஸ்டெக்கின் ஏழில் ஒன்று.

அன்புடன்,
ஆசிரியர்