‘ஆண்களுக்கு ஒத்துக்கொள்ளும்’

டமாக்சிஃபென் மாத்திரை நெடுங்காலம் விற்ற வணிகப் பெயர் நோல்வடெக்ஸ். அதன் அமெரிக்க மருந்துக் குறிப்பில், பொடி எழுத்துக் காட்டுக்கு நடுவே, ஆண்களுக்கென்று ஒரு சின்னப் பத்தி உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்களுக்கு இந்த மருந்து நன்றாக ஒத்துக்கொள்கிறது, பெண்களிடம் காணும் விளைவுகளே ஆண்களிடமும் காணப்படுகின்றன என்ற பொருளில் அது தொடங்குகிறது. அடுத்தாற்போலவே, பாலுறவு நாட்டம் குறைந்தும் விறைப்பு இல்லாமல் போயும் சில ஆண்கள் மருந்தையே நிறுத்திவிட்டார்கள் என்கிறது. ஒத்துக்கொள்ளும் மருந்தை ஏன் நிறுத்த வேண்டும் என்று அந்தப் பத்தியை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மருத்துவ உலகம் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

மார்பகப் புற்றுநோய் வருவோரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஆண். அமெரிக்காவில் மட்டும் 2024இல் சுமார் 2,790 ஆண்களுக்கு இந்நோய் கண்டறியப்படும் என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கணித்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், 1,483 ஆண்களின் கட்டிகளில் 99 சதவீதம் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வகையாக இருந்தன. பெண்களில் இந்த அளவு இவ்வளவு அதிகமில்லை. ஆகவே அறுவை சிகிச்சை முடிந்த கையோடு ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் எழுதித் தரப்படுவது ஹார்மோன் சிகிச்சை: தினமும் 20 மில்லிகிராம் டமாக்சிஃபென், குறைந்தது ஐந்து ஆண்டுகள். மருந்து பலன் தருவதில் சந்தேகம் எதுவும் இல்லை. இங்கே கேள்வி, ஐந்து ஆண்டுகள் அதோடு வாழும் ஆணுக்கு என்ன நேர்கிறது என்பதுதான். ‘பெரிதாக ஒன்றும் நேராது’ என்ற நம்பிக்கை பல வடிவங்களில் உலவுகிறது.

மாதவிடாயே இல்லாதவனுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்து உபத்திரவம் எப்படி வரும் என்பது அதில் ஒரு வடிவம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை விரைகள் நேரடியாகச் சுரக்கின்றன. மீதி, கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் நொதி டெஸ்டோஸ்டீரோனை உருமாற்றுவதால் கிடைக்கிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி இந்த ஹார்மோன் சமிக்ஞைகளுக்குப் பழகியது. சமிக்ஞை குலைந்தால் ஆணுக்கும் குப்பென்று சூடு பரவி வியர்த்துக் கொட்டும். புரோஸ்டேட் வீக்கத்துக்காக விரை நீக்கப்பட்ட ஆண்களிடம் இதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மருத்துவர்கள் கண்டு எழுதிவிட்டார்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் இது வருகிறது. மருத்துவத்துக்கு இது புதிய செய்தியே அல்ல. புரோஸ்டேட் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மார்பகப் பிரிவின் வாசலைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

‘எங்களிடம் வரும் ஆண்கள் யாரும் புகார் சொல்வதில்லையே’ என்பது அடுத்தது. இதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1994இல் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள், டமாக்சிஃபென் எடுத்த 24 ஆண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்களில் 15 பேருக்கு ஏதேனும் ஒரு பக்கவிளைவு இருந்தது. பாலுறவு நாட்டம் குறைந்தவர்கள் ஏழு பேர், உடல் எடை கூடியவர்கள் ஆறு பேர், சூடும் வியர்வையும் ஐந்து பேருக்கு. மனநிலை மாற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை என்று பட்டியல் நீண்டது. ஐந்து பேர் ஓராண்டுக்குள் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். 2012இல் டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 64 ஆண்களைப் பற்றி வெளியிட்டதும் இதே கதைதான்: பாதிக்குமேல் பக்கவிளைவு, ஐந்தில் ஒருவர் அதன் காரணமாகவே மருந்தை விட்டவர். காலில் தசைப்பிடிப்பு, எலும்பு வலி, பார்வைக் கோளாறு, ஞாபகத் தடுமாற்றம், ரத்த உறைவு, பாலுறவுக் கோளாறு என்று காரணங்கள் பலவாக இருந்தன.

24, 64 என்பவை சின்ன எண்கள். பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி எடுத்தவை. மருத்துவர் கேட்டு எழுதியது மட்டுமே குறிப்பில் இருக்கும் என்பதால், உண்மை நிலை இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதே 2012இல் சீனாவில் 116 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வேறொரு வழியில் விடை தேடியது. புகார் சொன்னவர்களை எண்ணாமல், மாத்திரையைத் தொடர்ந்தவர்களை எண்ணியது. முதல் ஆண்டு முடிவில் ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் சுமார் 65 சதவீதம். ஐந்தாம் ஆண்டில் 18 சதவீதம்கூட இல்லை. மருந்தை விட்டதற்கு வயது, அனுசரணையாகப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை ஆகியவற்றோடு பக்கவிளைவும் காரணமாக நின்றது. பத்தாண்டுகள் கழித்து, தொடர்ந்து எடுத்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், விட்டவர்களில் பாதிப்பேர். விட்டவர்கள் ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் இந்த இடைவெளி முழுவதையும் மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. பாதியை எழுதினாலும் அது சிறிய தொகை அல்ல.

புகார் சொல்லாதவர் தாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொண்டதுதான் பிழை. அவர் பேசாமல் மாத்திரையை விட்டுவிட்டார். நோயைப் பற்றியே பேசாத ஆண்கள் பக்கவிளைவைப் பற்றியா பேசப்போகிறார்கள்? ‘ஷாஃப்ட்’ படத்தின் நாயகன் ரிச்சர்ட் ரவுண்ட்ரீக்கு 1993இல் இந்நோய் கண்டறியப்பட்டது. திரையில் வீரத்தின் மறுபெயராக நின்ற அவர் பல ஆண்டுகள் அதை வெளியே சொல்லவில்லை. அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்த எட்வர்ட் புரூக், பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் போன்றோர் பிற்பாடு பகிரங்கமாகப் பேசியபோதும், செய்திகளில் அடிபட்டது நோயும் அறுவை சிகிச்சையும்தான். அதற்குப் பிந்தைய மாத்திரை ஆண்டுகளுக்குச் செய்தி மதிப்பு இல்லை.

நாட்டம் குறைவதா? அதெல்லாம் வயது, இல்லாவிட்டால் மனசு என்பார்கள் இன்னும் சிலர். இன்னும் தாராளமானவர்கள், டெஸ்டோஸ்டீரோன் குறைந்திருக்கும், ஓர் ஊசி போட்டால் சரியாகும் என்பார்கள். இரண்டாவது யோசனை தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. டமாக்சிஃபென் ஆணின் டெஸ்டோஸ்டீரோனைக் குறைப்பதே இல்லை, கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போகாமல் அது தடுப்பதால், மூளை விரைகளை இன்னும் சுரக்கச் சொல்லி விரட்டுகிறது. விந்தணு குறைந்த ஆண்களுக்குச் சில மருத்துவர்கள் இதே மாத்திரையைத் தருவதும் அதனால்தான். ஆகவே டெஸ்டோஸ்டீரோன் நன்றாகவே இருக்கும் ஆணுக்கு நாட்டம் குறைந்தால், கையை வேறெங்கோ வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கே என்பதற்கு 2013இல் பாஸ்டனிலிருந்து ஒரு துப்பு கிடைத்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 20 முதல் 50 வயதுவரையுள்ள ஆரோக்கியமான ஆண்கள் 400 பேரின் இயற்கை ஹார்மோன்களை ஊசியால் நிறுத்தி, டெஸ்டோஸ்டீரோனைப் பல அளவுகளில் திருப்பிக் கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறாதபடி இன்னொரு மருந்தும் தந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது கொழுப்பு சேர்ந்தது. நாட்டத்துக்கும் விறைப்புக்கும் இரண்டு ஹார்மோன்களுமே வேண்டியிருந்தன. டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதில்லை, அது வேலை செய்யும் இடத்தை அடைக்கிறது. ஆகவே அந்தச் சோதனையின் நிலையும் டமாக்சிஃபெனின் விளைவும் ஒன்றல்ல. ஆனாலும் எடை கூடுவதும் நாட்டம் குறைவதும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து வருவது வெறும் வயதின் லீலை அல்ல என்று ஊகிக்க இதில் இடம் இருக்கிறது.

ஊசி விவகாரத்தில் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2020 வழிகாட்டி கறாராகவே இருக்கிறது: ஹார்மோன் ஏற்கும் மார்பகப் புற்றுநோய் வந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டீரோன் தரக்கூடாது. செலுத்தும் டெஸ்டோஸ்டீரோன் உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறும். எந்தத் தீனியைக் கட்டிக்குக் கிடைக்காமல் செய்ய மாத்திரை தருகிறோமோ, அதையே வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். வெட்கத்தால் மருத்துவரிடம் சொல்லாத ஆண், ‘ஆண்மைக் குறைவா?’ என்று சுவரொட்டி ஒட்டி லாட்ஜில் முகாமிடும் வைத்தியரிடம் போவார் என்பது நம் ஊர் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே தரும் பொட்டலத்தில் என்ன ஹார்மோன் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் ஹார்மோன் அல்ல. இதய வலிக்கு நைட்ரேட் எடுக்காதவராக இருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் அந்த வழி திறந்தே இருக்கிறது. வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் தடை.

ஜெர்மனியின் ஆய்வு ஒன்று எதிர்த்தரப்புக்குச் சாதகமான சான்று என்று தோன்றக்கூடும். 2012 முதல் 2017 வரை 56 ஆண்களைச் சேர்த்து நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2021இல் வந்தது. டமாக்சிஃபென் மட்டும், டமாக்சிஃபெனோடு விரைச் சுரப்பை நிறுத்தும் ஊசி, எக்ஸிமெஸ்டேன் என்ற அரோமடேஸ் தடுப்பு மாத்திரையோடு அதே ஊசி என்று மூன்று குழுக்கள். ஊசி சேர்ந்த இரண்டு குழுக்களிலும் பாலுறவுத் திறனும் வாழ்க்கைத் தரமும் சரிந்தன. டமாக்சிஃபென் மட்டும் எடுத்தவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. அப்படியானால் நியூயார்க்கிலும் டெக்சஸிலும் எழுதியது பொய்யா?

பொய்யில்லை. சோதனை ஓடியது ஆறு மாதம், மாத்திரை ஓடுவது ஐந்து வருடம். ஒரு குழுவில் இருபது பேர்கூட இல்லாதபோது, ஐந்தில் ஒருவருக்கு வரும் தொல்லை சராசரிக்குள் கரைந்துவிடும். ஆனால் அந்த முடிவில் ஓர் ஆறுதலும் இருக்கிறது, அதை மறைப்பதும் நேர்மையல்ல: டமாக்சிஃபென் தொட்ட எல்லா ஆணும் ‘ஆண்மை’ இழப்பதில்லை. மாத்திரை ஆணைப் பெண்ணாக்கிவிடும் என்ற பயமும், ஒன்றும் செய்யாது என்ற அலட்சியமும் ஒரே அளவு பிசகு.

இந்த ஜெர்மன் ஆய்வே இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறது. டமாக்சிஃபென் ஒத்துக்கொள்ளாத பெண்களுக்கு, மாதவிடாய் நின்ற பிறகு, அரோமடேஸ் தடுப்பு மாத்திரைக்கு மாற்றுவது வழக்கம். ஆணுக்கும் அப்படியே மாற்றிவிடலாமே? முடியாது. அரோமடேஸை அடைத்து ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை விரைகளைத் தூண்டுகிறது, டெஸ்டோஸ்டீரோன் பெருகுகிறது, அடைப்பைத் தாண்டி மாற்றம் நடக்க மூலப்பொருள் குவிகிறது. 257 ஆண்களைப் பார்த்த 2013ஆம் ஆண்டின் வேறொரு ஜெர்மன் ஆய்வில், அரோமடேஸ் தடுப்பு எடுத்தவர்களின் மரண அபாயம் டமாக்சிஃபென் எடுத்தவர்களைப்போல் ஒன்றரை மடங்காக இருந்தது. எனவே கூடவே ஊசி வேண்டும். ஊசி என்றால் மருந்தாலேயே விரை நீக்கியதற்குச் சமம்: சூடு, எலும்புத் தேய்மானம், விறைப்பின்மை எல்லாம் டமாக்சிஃபெனைவிட அதிகம். பெண்ணுக்கு மாற்று வழியாக இருப்பது ஆணுக்கு அதைவிடக் கரடான பாதை. டமாக்சிஃபெனின் தொல்லைகளை ஆரம்பத்திலேயே கவனித்துச் சமாளிப்பது ஆணுக்குக் கூடுதல் அவசியமாவது இதனால்தான்.

சூட்டுக்கு மருந்து எழுதும்போதும் ஒரு கண்ணி உண்டு. மனச்சோர்வு மருந்துகள் சில இந்தச் சூட்டைத் தணிக்கும். அமெரிக்காவில் 2013இல் பெண்களின் சூட்டுத் தொல்லைக்கென்றே அங்கீகரிக்கப்பட்டது பராக்சிடின். ஆனால் டமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவமாகக் கல்லீரல் மாற்றுவதற்கு எந்த நொதி வேண்டுமோ அதையே பராக்சிடின் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தோரிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கூடுவதாக கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களைப் பற்றிய ஆய்வு 2010இல் சொன்னது. பிந்தைய ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை. ஆனாலும் வென்லாஃபாக்சின் போன்ற மாற்று இருக்கும்போது இந்தச் சூதாட்டம் எதற்கு? அதுவும் பாலுறவைப் பாதிக்கலாம் என்பதை ஆண் நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

ரத்த உறைவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பெண்களிடம் நன்கு அறியப்பட்ட ஆபத்து ஆண்களிடமும் இருக்கிறது. பெண்களைவிடச் சராசரியாகச் சில ஆண்டுகள் மூப்பான வயதில் இந்நோய் வருவதால் கவனமும் அதிகம் தேவை. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருப்பைப் புற்றுநோய் பயம் மட்டும் ஆணுக்கு இல்லை.

கடைசியாக, பெண்களிடம் இவ்வளவு ஆய்வு நடந்திருக்கிறதே, அதை வைத்து ஆண்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம். எந்த ஆய்வு? பெரிய ஹார்மோன் சோதனைகள் பெரும்பாலும் ஆண்களை வாசலிலேயே நிறுத்தின. பக்கவிளைவைக் கேட்கும் வினாத்தாள்களும் பெண்களை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. அதிகம் பயன்படும் ஒன்று, யோனி வறட்சி இருக்கிறதா என்று கேட்கும். இன்னொன்று, பெண்மை குறைந்ததுபோல் உணர்கிறீர்களா என்று கேட்கும். விறைப்பைப் பற்றி அவற்றில் கேள்வி இல்லை. கேட்காத கேள்விக்கு வராத பதிலைத்தான் ‘ஒத்துக்கொள்கிறது’ என்று எழுதி வைத்தார்கள்.

2019இல் பால்போசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தை ஆண்களுக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தபோது, ஆண்கள் பங்கேற்ற பெரிய சோதனை எதுவும் கைவசம் இல்லை. மருத்துவமனைப் பதிவுகளையும் காப்பீட்டுத் தரவுகளையும் கொண்டே முடிவெடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் அதே நிர்வாகம், மார்பகப் புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் ஆண்களையும் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் அறிவியல் காரணம் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டது. இனிச் சோதனைக்கு வரும் ஆண்களிடம் நீட்டப்போகும் வினாத்தாளை யாராவது இன்னும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.