கூரைக்குக் கணக்குண்டு, கூத்துக்கு?

நம் பங்குகளில் பழைய கலையரங்கைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் இரு குரல்கள் கேட்கின்றன. ஏழைகள் பசித்திருக்க மேடைக்குப் பணமா என்பது ஒன்று. புலம்பெயர்ந்த நம்மவரிடம் நிதி திரட்டிப் பளிங்குத் தரையும் குளிரூட்டியும் அமைத்துவிடுவோம் என்பது மற்றொன்று. முதற்குரலைவிட இரண்டாம் குரலே நம் கூத்துக்கு அதிகக் கேடு செய்கின்றது என்பது நம் துணிபு.

முதற்குரலுக்கு மறுமொழி பழையது. பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குக் கேட்டவர் யார் என்பதையும், பணப்பை யார் கையில் இருந்தது என்பதையும் யோவான் மறவாமல் குறித்துள்ளார். அன்றியும், கூத்தை ஏழையிடமிருந்து பிரித்துப் பேசுவது வரலாறு அறியாப் பேச்சு. மன்னாரின் மூவிராசாக்கள், என்றீக்கு எம்பரதோர், யாழ்ப்பாணக் கரையோரத்தின் எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி ஆடிக் காத்தவர்கள் கடற்றொழிலாளரும் உழவரும் கூலியாட்களுமே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடக ஏடுகள் சிலவற்றைத் தேடி அச்சேற்றினார். அச்சில் வந்தது பாட்டு மட்டுமே. அதன் மெட்டும் ஆட்டமும் இன்றும் அண்ணாவியாரின் தொண்டையிலும் காலிலுமே இருக்கின்றன. அவர் மறைந்தால் அவையும் மறையும்.

இனி இரண்டாம் குரல். திருத்தம் என்ற பெயரில் நடப்பது என்ன? அரங்கின் ஆழம் குறைக்கப்படுகின்றது, மணவறை வைப்பதற்கு அவ்வளவு போதும் என்பதனால். பக்கத் தட்டிகள் அகற்றப்படுகின்றன. அத்துடன் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்கும் இடம் போய்விடுகின்றது. மரப்பலகை இருந்த இடத்தில் வழுக்கும் ஓடு பதிக்கப்படுகின்றது. அதில் வெறுங்காலால் துள்ளி ஆடிப் பார்க்கட்டும், திருத்தக் குழுவினர்! பின்னர் வாடகை உயர்கின்றது. விடியவிடிய ஆடும் கூத்துக்கு அந்த வாடகையை எந்தக் கிராமம் செலுத்தும்? ‘கலையரங்கு’ என்று சொல்லித் திரட்டிய பணத்தில் எழுவது திருமண மண்டபம். நன்கொடையாளருக்கு இதைச் சொன்னோமா? சொல்லாவிட்டால் அது நாகரிகமான ஏமாற்று என்று கூறத் தயங்க மாட்டோம்.

கட்டடம் எழுந்தால் கலை தானே வந்து குடியேறும் என்று நம்புவோர் யாழ்ப்பாணக் கலாசார மையத்தை நோக்கட்டும். இந்திய அரசின் நன்கொடை, ஏறத்தாழ 1.1 கோடி அமெரிக்க டொலர். 600 இருக்கைகள் கொண்ட அரங்கு, 11 மாடிக் கோபுரம். அயல்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் வந்த அக்கொடையை நாம் நன்றியுடன் ஏற்கின்றோம். ஆயின் 2022 மார்ச் 28 அன்று அது மெய்நிகர் முறையில் திறக்கப்பட்ட அதே வாரத்தில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. இத்துணைப் பெரிய மாளிகையின் நடைமுறைச் செலவை மாநகர சபை தன் வருவாயில் தாங்குமா என்ற கேள்வி, மாளிகை எழுந்த பின்னரே உரத்து ஒலித்தது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டியபோது யாழ்ப்பாணத்தின் பெயர் விடுபட்டதென்று எழுந்த ஆரவாரத்தில் பத்திலொரு பங்காவது, அங்கே ஆடப்போகும் கலைஞருக்கு யார் படி அளப்பது என்பதைப் பற்றி எழுந்திருக்கலாம்.

எதிர்முனையில் நம் கண்முன் ஒரு சான்று உண்டு. நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கியபோது மாளிகையை முதலில் தேடவில்லை, ஆட்களைத் தேடினார். போர்க்காலத்திலும் அம்மன்றம் திருப்பாடுகளின் நாடகத்தை மேடையேற்றியது. பவேரியாவின் ஒபரம்மர்காவ் கிராமமும் அவ்வாறே. கொள்ளைநோய்க்கு அஞ்சி 1633இல் செய்த நேர்ச்சையின்படி மறு ஆண்டு திருப்பாடுகளை நடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கு அதற்கு நெடுங்காலத்திற்குப் பின்னரே எழுந்தது. நாமோ நாற்காலியை வாங்கிவிட்டு நேர்ச்சையைத் தேடுகின்றோம்.

ஒழுகும் கூரையை மாற்ற வேண்டாம் என நாம் சொல்லவில்லை. மழையில் மத்தளத்தின் தோல் தளர்ந்துவிடும், ஏடு நனைந்துவிடும். கூரையை மாற்றுங்கள், பலகையைச் செப்பனிடுங்கள், மின்கம்பிகளைப் புதுப்பியுங்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் கோவில் கலையைப் பற்றிப் பேசுமிடத்தில், வெறும் பகட்டைவிட உயரிய அழகையே நாடச் சொல்கின்றது. அரங்குக்கும் அவ்வறிவுரை பொருந்தும். குளிரூட்டிக்கு ஒதுக்கும் தொகையைக் கொண்டு ஓர் அண்ணாவியாருக்குப் பல ஆண்டுகள் மாதப்படி வழங்கலாம். பத்துப் பிள்ளைகள் அவரிடம் ஆட்டம் பழகலாம்.

ஆகவே, அருட்பணிச் சபைகளில் அமர்ந்திருக்கும் பொதுநிலையினரே, அடுத்த நிதி வேண்டுகோள் கையொப்பத்துக்கு வரும்போது அதைப் புரட்டிப் பாருங்கள். ஆண்டுதோறும் கூத்துக்கென வாடகையின்றி எத்தனை இரவுகள் எழுதப்பட்டுள்ளன? பராமரிப்புக்கு எங்கிருந்து பணம் வரும்? பழக்குபவருக்கு என்ன ஒதுக்கப்பட்டுள்ளது? விடை எழுதப்படாத தாளில் கையொப்பமிடாதீர்கள். திருப்பி அனுப்புங்கள்.