செகண்ட் ஷை பிள்ளைகளைக் கொஞ்சம் விடுங்கள்

நேற்று ஒரு மாணவி பாஸ்ட் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். விடை தெரியாததால் அல்ல. "போன முறை மாதிரி கை நடுங்கினா என்ன செய்யிற சேர்?" என்ற பயம்.

உயர்தரத்தை மூன்று தடவை எழுத விதி இடம் தருகிறது. எங்கட ஊர்தான் இரண்டாம் தடவைக்கே இடம் தருவதில்லை. கல்யாண வீட்டிலும் பிடித்து வைத்து, "இந்த முறையாவது கம்பஸ் கிடைக்குமா?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியும் அவளோடு மண்டபத்துக்குள் போகிறது.

பிள்ளைகளே, பாடத்தை மட்டுமல்ல, பரீட்சையையும் பழகுங்கள். உயிரியல் முதலாம் பகுதியில் 50 வினாக்கள், 2 மணித்தியாலம். வினா ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, மணிக்கூட்டை முன்னால் வைத்து, முழுப் பேப்பரையும் ஒரே இருப்பில் செய்யுங்கள். கை நடுங்கினால் பேனையை வைத்துவிட்டு நாலு முறை ஆறுதலாக மூச்சு விடுங்கள். பிறகு தெரிந்த வினாவில் தொடங்குங்கள். வாரம் ஒரு பேப்பர் இப்படிச் செய்தால், அன்றைய நடுக்கமும் பழகிய நடுக்கமாகத்தான் இருக்கும்.

உம்மாமாரே, வாப்பாமாரே, இஸட் ஸ்கோரை வந்த பிறகு பேசுவோம். இப்போதைக்கு "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டாலே போதும்.