விலைப்பட்டியல் முதலில் வரட்டும்!

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குக் கணினி புதியதன்று. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் 2007ஆம் ஆண்டிலேயே இங்கு வந்துவிட்டது. 2021இல் வந்த இணையவழி நேரலை ஏலத்தால், போடி, புத்தடி ஆகிய இரு மையங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் வசதியும் ஏற்பட்டது. அடுத்த படியாகச் சொந்த இணையதளம் வைத்துச் சில்லறை விற்பனையிலும் இறங்கும் வணிகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறக்கத் தாமதமாகும் தளம், பாதி ஷட்டர் இறக்கிய கடைக்குச் சமம்.

தாமதத்திற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று 'ஸ்கிரிப்ட்' எனப்படும் நிரல்கள். பிரவுசர் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துக் காட்டுகிறது. நடுவில் ஸ்கிரிப்ட் வந்தால், அதை வரவழைத்து இயக்கி முடிக்கும்வரை மேற்கொண்டு படிக்காது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் லாரி நின்றால், பின்னால் வரும் ஜீப்புகளின் கதி என்ன என்பது நாம் அறிந்ததே. அதே கதிதான் நம் விலைப்பட்டியலுக்கும்.

இதற்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. 'டிஃபர்' என்று குறித்தால், ஸ்கிரிப்ட் பின்னணியில் இறங்கி, பக்கம் முழுவதும் படித்து முடிந்தபின் வரிசைப்படி இயங்கும். 'அசின்க்' என்று குறித்தால், வந்து சேர்ந்தவுடன் இயங்கும், வரிசை பாராது. ஆகவே ஒன்றையொன்று சார்ந்த பில் கணக்கு நிரல்களுக்கு டிஃபர் ஏற்றது. வருகையாளரை எண்ணும் நிரல் போன்ற தனித்தவற்றுக்கு அசின்க் போதும். பணம் செலுத்தும் நிரலை அந்தப் பக்கத்தில் மட்டும் வைத்தால் போதுமானது.

"இப்போது எல்லாரிடமும் நல்ல போன் இருக்கிறதே" என்பர் சிலர். போன் நல்லதாயினும், சிக்னல் குறைந்த இடத்தில் ஒவ்வொரு கோப்பும் தாமதமாகவே வரும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. அதன் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' தளத்தில் நம் பக்கத்தை இலவசமாகவே சோதிக்கலாம்.

ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, மில்லிமீட்டர் பார்த்து வாங்கும் நாம், இணையதளத்தை மட்டும் சோதிக்காமல் பணம் கொடுப்பது முறையா? தளம் அமைப்பவரிடம் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் எதற்கு, எப்போது இறங்குகிறது என்று கேளுங்கள். தேவையற்றதை நீக்கச் சொல்லுங்கள். சரக்கும் விலையும் முதலில் தெரியட்டும்; அலங்காரம் பிறகு வரட்டும்!