கைப்பேசிக்குள் அடங்காத லப்-டப்

உங்களுள் பலர் மருத்துவராக விரும்புகிறீர்கள். அவர்களுள் சிலர், "டாக்டருக்கு இயற்பியல் எதற்கு, உயிரியல் போதாதா?" என்று கேட்பதுண்டு. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலம் அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது.

2020 மார்ச்சில் நம் நாட்டு மருத்துவக் கல்லூரி மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் தவிர, வீடு திரும்பினர். டிசம்பர் வாக்கில் கல்லூரிகள் திறந்தன. 2021-இல் இரண்டாம் அலை வந்ததும் பல மீண்டும் மூடப்பட்டன. மூடியிருந்த நாட்களில் பாடமெல்லாம் கைப்பேசித் திரையில்தான். பாதுகாப்பு உடைக்கே தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. அனுப்பியதைக் குறை கூற மாட்டேன். விரிவுரைகளுக்கும் பெரிய நட்டமில்லை. புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கும் வசதி வகுப்பறையில் ஏது? (என்னை அப்படி நிறுத்த முடிந்தால் என் மாணவர்கள் மகிழ்வார்கள்!)

ஆனால் இதய ஒலியையும் அவ்வழியே கற்பித்தார்களே, அங்குதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. இதய வால்வுகள் மூடும்போது எழும் 'லப்-டப்' ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. தாழ்ந்த அதிர்வெண் உடைய ஒலியை உரக்க எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் உள்ள சவ்வோ விரல்நகம் அளவே! சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ் அது ஏறக்குறைய ஊமை. போதாக்குறைக்கு, பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சலென்று நீக்கும் நிரல்கள் வேறு. காதுத் துளையை நன்கு அடைக்கும் இயர்போனில் இக்குறை பெரிதும் தீரும். அங்கே அசைய வேண்டிய காற்று மிகக் கொஞ்சம்.

மார்பைத் தட்டிப் பார்க்கும் சோதனைக்கு இயர்போனும் உதவாது. வியன்னாவில் ஆவன்புருக்கர் என்ற மருத்துவர் 1761-இல் வெளியிட்ட முறை இது. அவர் தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி மதுவின் மட்டம் அறிவதைப் பார்த்தே மகனுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். காற்று நிறைந்த நுரையீரல் முழங்கும். நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த வேறுபாட்டைக் காது மட்டுமா அறிகிறது? மார்பின் மேல் வைத்த விரலும் அறிகிறது. விரலுக்கு வரும் அதிர்வை அனுப்ப எந்தக் கைப்பேசியாலும் இயலாது.

ஆகவே, திரையில் பார்த்த மணிநேரங்களை நோயாளியின் அருகே நின்று கற்ற மணிநேரங்களாகக் கணக்கில் எழுதுவது சரியன்று என்பேன். விரிவுரைகள் பதிவிலேயே இருக்கட்டும். இனி ஒரு தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டால், இழந்த படுக்கையருகுப் பயிற்சியைப் படுக்கையருகிலேயே திருப்பித் தர வேண்டும், படிப்பு சில மாதம் நீண்டாலும் சரி. நீர் கோத்த நுரையீரலைக் கண்டறியாமல் விட்டால் விலை கொடுப்பவர் மாணவர் அல்லரே!

ஐயம் இருந்தால், பாதி நீர் உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் இடக்கை நடுவிரலைப் பதித்து, அதன் மேல் வலக்கை நடுவிரலால் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். நீர் மட்டம் தெரியும். அவ்வொலியைக் கைப்பேசியில் பதிவு செய்து, டிரம்மைப் பார்க்காத நண்பரிடம் கொடுத்து மட்டத்தைக் கேளுங்கள்.