மீட்டருக்கு முன்னால் அகலத்தைக் கேளுங்கள்

"தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?" வானொலியில் ஆண்டுதோறும் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. "ஆன்லைன்ல போட்டாச்சு" என்பதுதான் இப்போது அதிகம் வரும் பதில். சுலபம்தான், நானும் அப்படி வாங்குகிறவள்தான். ஆனால் எஸ், எம், எல் என்ற மூன்று எழுத்துக்குள் எல்லா உடம்பும் அடங்கிவிடுவதில்லை. இதை எனக்குப் புரியவைத்தவர் என் அம்மா.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். வலது கையை மட்டும் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பஞ்சாபி சூட், பாஜு கூரோங், நைட்டி எல்லாமே தலைவழியாகப் போடும் உடைகள். ஒவ்வொரு முறையும் வலிக்கும். வாய்விட்டுச் சொல்லமாட்டார். "கோயிலுக்கு நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்" என்பார். கல்யாணத்துக்கும் அதே பதில். அவரை வீட்டோடு நிறுத்தியது கால் அல்ல, சட்டை.

முன்பக்கம் முழுவதும் திறக்கிற, அக்குள் பகுதி தாராளமாக உள்ள மேல்சட்டை நல்லது என்றார் சிகிச்சையாளர். போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். பேரங்காடிகளில் அப்படிப்பட்ட உடையைத் தேடினேன். கிடைத்தவையெல்லாம் ஆஸ்பத்திரி உடுப்பு மாதிரி இருந்தன. அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. துணி எடுத்துத் தைப்பதுதான் வழி என்று முடிவானது.

கோலாலம்பூரில் துணிக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். நம் தாத்தா பாட்டிக்கு அது பத்து ரோடு. பக்கத்திலேயே மஸ்ஜிட் இந்தியா. மஸ்ஜிட் ஜாமெக் அல்லது பண்டாராயா எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெரிய கடைகள் மாடி மாடியாக இருக்கின்றன. இடையில் சின்னக் கடைகளும் உண்டு. பழக்கமில்லாதவருக்கு முதல் பத்து நிமிடம் கண்ணைக் கட்டும்.

அதனால் கடைக்கு முன்னால் தையல்காரரிடம் போங்கள். எங்கள் தையல்கார அக்கா முதலில் கேட்டதே, "45 இன்ச் துணியா, 60 இன்ச்சா?" என்றுதான். துணியின் விலை மீட்டருக்கு. ஆனால் எத்தனை மீட்டர் வேண்டும் என்பதை அகலம்தான் தீர்மானிக்கிறது. அம்மாவின் நீள மேல்சட்டைக்கு 45 அங்குலத்தில் இரண்டரை மீட்டர், 60 அங்குலத்தில் இரண்டு மீட்டர் போதும் என்றார் அக்கா. கணக்குக்காகச் சொல்கிறேன்: அகலம் குறைந்தது மீட்டர் 12 ரிங்கிட் என்றால் மொத்தம் 30. அகலமானது மீட்டர் 14 ரிங்கிட் என்றாலும் மொத்தம் 28தான். விலைச்சீட்டில் மலிவாகத் தெரிவது கல்லாவில் மலிவாக இருக்காது.

அடுத்தது, பெயரை நம்பாதீர்கள். ரோலில் "காட்டன்" என்று எழுதியிருந்தாலே அது முழுப் பருத்தி ஆகிவிடாது. "நூல் என்ன? பாலியெஸ்டர் கலந்திருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். ஓரத்தைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். பருத்தி கசங்கி நிற்கும். பாலியெஸ்டர் பெரும்பாலும் பழையபடி விரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் கொஞ்சமாக வாங்கிவந்து, வீட்டில் ஒரு நூலை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க உடுத்த வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்துகிறவர்கள் புடவையையே கொண்டுபோய், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு மெரூன், வெளியே வந்ததும் அக்கா தங்கைகூட இல்லை என்று தெரிந்துவிடும்.

பூவெல்லாம் ஒரே திசையில் நிற்கும் டிசைன் என்றால் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் பூ நிமிர்ந்தும் பின்பக்கம் தலைகீழாகவும் வந்துவிடும். பருத்தியும் ரேயானும் முதல் தண்ணீரில் சுருங்கக்கூடியவை. தைக்கக் கொடுக்குமுன் ஊறவைத்து உலர்த்திவிடுங்கள். அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். கத்தரி பட்ட துணியைப் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார்கள். ரோலை ஒருமுறை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் வெட்டச் சொல்லுங்கள்.

நான் போன சின்னக் கடையில் வயதான பாய் ஒருவர் இருந்தார். "யாருக்கும்மா?" என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த வழவழப்பான துணியைத் தள்ளி வைத்துவிட்டு, மெல்லிய பருத்தி ரோல் ஒன்றை இறக்கினார். "இது தோள்ல இழுக்காது. பொத்தான் வேணாம், வெல்க்ரோ வைக்கச் சொல்லு. மேல சும்மா அழகுக்குப் பொத்தான் தைச்சுக்கலாம்." தையல்கார அக்காவும் அப்படியே தைத்துக் கொடுத்தார். கரும்பச்சையில் சின்ன வெள்ளைப் பூ. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா இடது கையாலேயே அதை மாட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போக என்னை அவசரப்படுத்தினார்.

தீபாவளியும் நோன்புப் பெருநாளும் நெருங்கினால் தையல்காரர்கள் புதிய ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், தெருவிலும் நெரிசல் தாங்காது. இரண்டு மாதம் முன்பே, வார நாளில் காலையில் போய்விடுங்கள். சரியாகப் பொருந்தும் பழைய உடை ஒன்று, அளவு நாடா, தையல்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு, இந்த மூன்றும் பையில் இருக்கட்டும். வீட்டில் உடை போடச் சிரமப்படுகிறவர் இருந்தால், அது யாருக்கு என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். காலமெல்லாம் துணியோடு பழகியவர்கள். கேட்டால் சொல்வார்கள்.