ஓடும் டிராமைப் பொம்மையாக்காதே!

கல்கத்தா டிராமுக்குக் குழி தோண்டுகிறார்கள். அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயரும் சூட்டுகிறார்கள்!

1902 முதல் மின்சாரத்தில் ஓடிவரும் வண்டி அது. 'போக்குவரத்துக்கு இடைஞ்சல்' என்று பழி சுமத்தி, மைதான் - எஸ்பிளனேடு பாதை தவிர மற்றதெல்லாம் நிறுத்தப்படும் என்று 2024 செப்டம்பரில் மேற்கு வங்க சர்க்கார் அறிவித்தது. 1938-ம் ஆண்டு டிராம் ஒன்று 2014-லேயே எஸ்பிளனேடில் 'ஸ்மரணிகா' என்ற காட்சிசாலையாகிவிட்டது.

பழைய பெட்டியைக் காப்பது தவறா? இல்லை, காக்கவே வேண்டும்! சென்னையைப் பாருங்கள். 1895-லேயே மின்சார டிராம் ஓடிய ஊர். நஷ்டக் கணக்குக் காட்டி 1953 ஏப்ரலில் கம்பெனி அதை மூடியது. தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அங்கே டிராம் ஓடிய கதை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால், காட்சிசாலையில் எதைக் காட்டுவது? பளபளக்கும் கைப்பிடியையும் பழைய பெஞ்சையும் மட்டுமா? அதே 1953 ஜூலையில், கல்கத்தாவில் டிராம் நடத்திய பிரிட்டிஷ் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. இடதுசாரிகள் முன்னே நிற்க, மக்கள் கூடுதல் பைசாவைத் தர மறுத்தார்கள். தடியடி பட்டார்கள், சிறை சென்றார்கள். கடைசியில் உயர்வைக் கைவிட வைத்தார்கள்! இந்தக் கதையைச் சொல்லாத காட்சிசாலை, முதலாளி வீட்டு அலங்கார அலமாரிதான்.

திருப்பூர்த் தோழர்களே! ஷிப்டு முடிந்து பஸ் படிக்கட்டில் தொங்கிப் போகும் உங்களுக்குத் தெரியும், மலிவான வண்டி ஏழைக்குக் கால் போன்றது என்று. டிராம் பழங்காலச் சரக்கு என்கிறார்கள். மெல்போர்ன் நகரில் இன்றும் ஓடுகிறதே, எப்படி?

உழைத்து ஓய்ந்த பெட்டி காட்சிசாலைக்குப் போகட்டும். ஓடக்கூடிய டிராம் தண்டவாளத்திலேயே ஓடட்டும்!